முகம் வைத்த பானை எல்லாம் சாமியா?

கேள்வி இதுதான்: துருக்கியிலும் ஐரோப்பாவிலும் ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் விவசாயம் செய்தவர்கள் மனித உருவத்தில் பானைகள் வனைந்திருக்கிறார்கள். அவற்றின் மேல் இருக்கும் கோடு, சுருள், கட்டம் எல்லாமே தாய்த்தெய்வத்தின் ரகசிய மொழி என்று ஒரு காணொளி சொல்கிறது. நம்பலாமா?

பாதியை நம்பலாம். பானையை அவர்கள் ஓர் உடலாக நினைத்தார்கள் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் இன்ன பொருள் என்று அகராதி போடுவதற்கு ஆதாரம் கிடையாது. ஏன் என்று சொல்வதற்கு முன் நம் ஊர்ப் பானைகள் இரண்டைப் பார்த்துவிடலாம்.

கொல்லையில் காவலுக்கு ஒரு பொம்மை நிற்கும். வைக்கோல் உடம்பு, கிழிந்த சட்டை, தலைக்குக் கவிழ்த்த பானை. பானையில் சுண்ணாம்பால் உருட்டு விழி, மூக்கு, பல், மீசை, இடைவெளியெல்லாம் புள்ளி. காக்கையை விரட்ட, கண்ணேறு படாமல் இருக்க. யாரும் அதைக் கும்பிடுவதில்லை. அதே ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு யாகசாலையில் வைக்கிற கும்பத்துக்கோ கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. நூல் சுற்றி, நீர் நிரப்பி, மாவிலை செருகி, மேலே தேங்காய் வைத்திருப்பார்கள். ஆனால் அதுதான் சாமியின் உடம்பு. சுற்றிய நூல் நாடி நரம்பு, உள்ளே இருக்கும் நீர் ரத்தம், தேங்காய் தலை என்று அர்ச்சகர் விளக்கம் சொல்வார்.

இரண்டும் மண்ணுக்குள் போய், ஐயாயிரம் வருஷம் கழித்து யாரோ தோண்டுகிறார்கள் என்று வையுங்கள். வைக்கோலும் நூலும் மாவிலையும் எப்போதோ மட்கிப்போயிருக்கும். முகம் இருக்கிற பானையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ‘தெய்வம்’ என்று சீட்டு ஒட்டுவார்கள். கும்பத்தை ‘நீர்ப்பானை’ என்று எண் போட்டுக் கிடங்கில் தள்ளுவார்கள். நேர் தலைகீழ்! இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் காணொளியைப் பார்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கி.மு. 6500 வாக்கிலிருந்து இன்றைய துருக்கிப் பகுதி விவசாயிகள் கிரேக்கம், பால்கன் வழியாக டான்யூப் ஆற்றுப் படுகைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவினார்கள். கோதுமை, பார்லி, ஆடு, மாடு ஆகியவற்றோடு பானை செய்யும் கைவேலையும் போனது. வெறும் பழக்கம் மட்டும் பரவவில்லை, மனிதர்களே போனார்கள் என்பதைப் பழைய எலும்புகளில் எடுத்த மரபணு உறுதி செய்துவிட்டது. அவர்களிடம் குயவர் சக்கரம் இல்லை. மண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, தேய்த்து ஒட்டவைத்துத்தான் பானை எழுப்பினார்கள். முதலில் அடி, பிறகு வயிறு, தோள், கழுத்து, கடைசியில் வாய். நாமும் பானையின் பாகங்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். இப்படி நாள் முழுக்கக் கையால் ஓர் உடம்பை எழுப்பிக்கொண்டிருப்பவருக்கு, தோளுக்கு இரண்டு பக்கமும் கை ஒட்டி, கழுத்தில் மூக்கைக் கிள்ளிவிட்டால் என்ன என்று தோன்றுவதற்கு பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. அதற்குப் பின்னால் தத்துவமும் இருந்ததா என்பது தனிக் கேள்வி.

இருந்தது, அதுவும் ஒரே தத்துவம்தான் என்று சொன்னவர் மரியா கிம்பூட்டாஸ். லித்துவேனியாவில் 1921-ல் பிறந்து, போருக்குப் பிறகு அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஏதோ மேசைக் கற்பனையாளர் என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கு மாசிடோனியாவில் அன்சா, கிரேக்கத்தில் அக்கிலியோன் என்று புதிய கற்கால ஊர்களைத் தோண்டியவர். 1974-ல் வந்த நூலிலும் அதன் பிறகு எழுதியவற்றிலும், இந்த மண்ணுருவங்களில் இருக்கும் கோலங்களுக்கு அவர் ஒரு பட்டியலே கொடுத்தார். ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரிக் கோணம் என்றால் பறவைத் தெய்வம். நெளிகோடு என்றால் நீர். வலைக்கட்டம் என்றால் உயிர் தரும் ஈரம். சுருள் என்றால் பாம்பு, மறுபிறப்பு. சாய்சதுரத்துக்குள் புள்ளி இருந்தால் விதைத்த வயல். இந்தக் கடைசி விளக்கம் சோவியத் ஆய்வாளர்களிடமும் இருந்ததுதான்.

உங்கள் காணொளி சொல்வது ஏறக்குறைய முழுக்க இந்தப் பட்டியல்தான், பெயர் சொல்லாமல்.

பட்டியலில் எனக்கு இருக்கும் முதல் சிக்கல்: எதை எடுத்தாலும் அது தெய்வத்துக்கே போய்ச் சேரும். கோடு இருந்தால் தெய்வம், கோடு நெளிந்தால் தெய்வம், கோடே இல்லாமல் வழவழப்பாக இருந்தாலும் தெய்வம். எந்தப் பானை கிடைத்தால் ‘நான் சொன்னது தவறு’ என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாவது இன்னும் எளிமையானது. செர்பியாவில் பெல்கிரேடுக்குப் பக்கத்தில், டான்யூப் கரையில் வின்ச்சா என்ற இடம். மிலோயே வாசிச் என்பவர் 1908-ல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். கி.மு. 5400 முதல் 4500 வரை செழித்திருந்த அந்தப் பண்பாட்டின் மண்ணுருவங்கள் பலவற்றில் கழுத்துக்குக் கீழே ‘வி’ வடிவக் கோடு இருக்கும். பறவைத் தெய்வத்தின் முத்திரையா? பல உருவங்களில் அது சட்டையின் கழுத்து வெட்டு. கீழே பாவாடையின் ஓரம், இடுப்புப் பட்டை எல்லாம் கீறிக் காட்டியிருக்கிறார்கள். துணி போட்டுவிட்டதைத் தெய்வச் சின்னமாகப் படிப்பது கொஞ்சம் அவசரம்.

1968-லேயே பீட்டர் உக்கோ என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், எகிப்து, கிரீட் தீவு ஆகிய இடங்களின் பழைய மனித உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசிவிட்டு, எல்லாவற்றையும் ‘தாய்த்தெய்வம்’ என்ற ஒரே கூடையில் போட முடியாது என்றார். பலவற்றில் ஆணா பெண்ணா என்ற அடையாளமே இல்லை. சில குழந்தைகளின் பொம்மையாக இருக்கலாம், சில சடங்கில் கற்பிக்கப் பயன்பட்டிருக்கலாம், சில முன்னோராக இருக்கலாம்.

இங்கே கிம்பூட்டாஸுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். புல்வெளிப் பகுதி மேய்ப்பர்கள் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குள் பெருமளவில் வந்தார்கள் என்று அவர் அடித்துச் சொன்னதைப் பலர் கேலி செய்தார்கள். 2015-ல் வந்த மரபணு ஆய்வுகள் அந்த விஷயத்தில் அவர் பக்கம் நின்றன. அதிலிருந்து அவருடைய ஆதரவாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டார்கள்: அதில் சரியாக இருந்தவர் இதிலும் சரியாகத்தான் இருப்பார் என்று. மரபணுவில் பறவைத் தெய்வம் வராது. இரண்டும் வேறு வேறு வழக்கு.

அப்புறம் போலிகள். காணொளியில் காட்டிய, வெளிர் நிறத்தின் மேல் சிவப்புக் கோலம் போட்ட அழகான பெண் உருவப் பானைகள் பெரும்பாலும் ‘ஹஜிலார்’ பாணி. ஹஜிலார் தென்மேற்குத் துருக்கியில் புர்துர் நகருக்கு அருகில் இருக்கிறது. பிரிட்டிஷ் அகழாய்வாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் 1957 முதல் 1960 வரை தோண்டினார். அவர் போன பிறகு அதே பாணிப் பானைகள் கலைப்பொருள் சந்தையில் வரிசையாக வர ஆரம்பித்தன. பெரிய அருங்காட்சியகங்கள்கூட வாங்கின. ஆக்ஸ்ஃபோர்டில் வெப்ப ஒளிர்வுச் சோதனை செய்து, முடிவை 1971-ல் வெளியிட்டார்கள். பானை கடைசியாக எப்போது சூளையில் வெந்தது என்பதை மண்ணுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றலை வைத்துச் சொல்லும் சோதனை அது. பார்த்த 66 பொருள்களில் 48 போலி. இரட்டைத் தலைப் பானைகளைப் பார்த்து ‘தாயும் மகளும்’ என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவதற்கு முன்னால், அது எந்தக் குழியில் கிடைத்தது என்று கேட்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரியும். தோண்டி எடுத்த இடம் தெரியாத பானையை நான் இந்தப் பேச்சில் சேர்ப்பதே இல்லை.

சரி, குறை சொன்னது போதும். எதை நம்பலாம்?

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி கோலத்தில் இல்லை, மண்ணுக்குள்ளே இருக்கிறது. உக்ரைனில் நீஸ்டர் ஆற்றங்கரையில் லூக்கா-விருப்ளிவெட்ஸ்கா என்ற ஊரை, திரிபில்லியா என்று பெயரிட்ட பழைய விவசாயப் பண்பாட்டைச் சேர்ந்ததை, செர்கேய் பிபிகோவ் தோண்டினார். அங்கே கிடைத்த பெண் உருவங்களின் களிமண்ணில் தானியம் கலந்திருந்தது. பானையை உறுதியாக்கப் பதர், உமி கலப்பது வழக்கம்தான். ஆனால் தின்னக்கூடிய முழுத் தானியத்தையும் மாவையும் பிசைந்து ஓர் உருவம் செய்தால், அதில் யாரோ எதையோ நினைத்திருக்கிறார்கள். இதற்கு அகராதி தேவையில்லை. விளைந்ததை உடலுக்குள் வைத்தார்கள். அவ்வளவு சொல்லலாம்.

அடுத்தது ஹங்கேரியில் ஹோட்மெசோவாஷார்ஹெய் நகரத்தை ஒட்டிய கொக்கேனிதோம்ப். யானோஷ் பன்னர் அங்கே எடுத்த, திசா என்ற புதிய கற்காலப் பண்பாட்டின் பானைகளில் (கி.மு. 5000-ஐ ஒட்டிய காலம்) புகழ்பெற்றவை ஸ்டூல் மாதிரி இருக்கையில் உட்கார்ந்த பெண்கள். உள்ளே வெற்றிடம், நிஜமாகவே பாத்திரம். உடம்பு முழுக்கக் கீறல் கோலம், பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மாதிரி. பார்த்தவுடன் தறியில் நெய்த துணி நினைவுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், கை கால் முகம் எதுவும் இல்லாத அதே ஊர்ச் சாதாரணப் பானைகளிலும் இதே துணிக் கோலம் இருக்கிறது. மனித உருவப் பானைக்குச் சேலை கட்டினார்கள் என்றால், மற்றப் பானைகளுக்கும் கட்டியிருக்கிறார்கள். ஆக எல்லாப் பானையும் ஏதோ ஒரு விதத்தில் உடம்புதான், சிலவற்றில் மட்டும் அதை வெளிப்படையாகக் காட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பால்கன் முழுக்கக் கிடைக்கும் சுடுமண் அச்சுகளிலும் இதே வளைகோலங்கள் உண்டு. துணியில் பதித்தார்களா, தோலில் பதித்தார்களா, இரண்டிலுமா? எதுவானாலும், ஆள், ஆடை, பானை மூன்றின் மேலும் ஒரே கோலம் ஓடியிருக்கிறது. யார் எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று சொல்லும் அடையாளமாகவும் அது இருந்திருக்கலாம். ஒரு கோலம் புனிதமாகவும் குடும்ப அடையாளமாகவும் ஒருசேர இருக்க முடியாதா என்ன? நெற்றியில் இடும் நாமமும் பட்டையும் இரண்டு வேலையையும்தானே செய்கின்றன.

வின்ச்சாவுக்கே திரும்பினால், அங்கே பல பானைகளில் முகம் உடலில் இல்லை, மூடியில் இருக்கிறது. பெரிய கண், மேலே துருத்திய காது. அது பூனையா, ஆந்தையா, முகமூடி போட்ட மனிதனா என்று இன்னும் சண்டை. எனக்கு முகத்தைவிட அது மூடியில் இருப்பதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. மூடினால் பானைக்குத் தலை வருகிறது, உள்ளே இருப்பதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடுக்க வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டும். உள்ளே தானியமோ எண்ணெயோ எதுவாக இருந்தாலும், நம் கொல்லைப் பொம்மை செய்கிற காவல் வேலையை இந்த மூடியும் செய்திருக்கலாம்.

வடக்கு மாசிடோனியாவில் ஸ்கோப்யே நகருக்குள்ளேயே இருக்கும் தும்பா மஜாரி மேட்டில் 1981-ல் கிடைத்தது இன்னும் விசித்திரமானது. ஏறக்குறைய 39 சென்டிமீட்டர் உயரம். கீழ்ப்பாதி நான்கு பக்கமும் திறப்பு வைத்த ஒரு வீடு. கூரையிலிருந்து ஒரு பெண் எழுகிறாள். கைகளை வீட்டின் மேல் வைத்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே அவளே வீடு. அருங்காட்சியகத்தில் ‘மகா தாய்’ என்று பெயர். தாயா, வீட்டை முதலில் கட்டிய மூதாட்டியா என்பதை விடுங்கள். வீடும் உடலும் ஒன்று என்பதை இதைவிடத் தெளிவாக மண்ணில் சொல்ல முடியாது.

ருமேனியாவில் பொடூரி என்ற ஊரில் ஒரு பானைக்குள் 21 சிறு மண்பெண்களும் 13 குட்டி நாற்காலிகளும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. பானையில் முகம் இல்லை. ஆனாலும் முகம் வைத்த நூறு பானைகளைவிட இதைத்தான் நான் சடங்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வேன். யாரோ சிலரை உட்கார வைத்து, முடிந்ததும் எண்ணி எடுத்து, பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையசைவு புரியும்.

எதிர்ப்பக்கம் ஒரு சாட்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனித உருவங்களும் உருவப் பானைகளும் பெரும்பாலும் முழுசாக, மேடை மேல் வைத்தபடி கிடைப்பதில்லை. உடைந்து, குப்பைக் குழியில், வீட்டு இடிபாட்டில் கிடைக்கின்றன. ‘புனிதமானது என்றால் குப்பையில் போடுவார்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கனமாகத் தெரியாது. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய மண் பிள்ளையார் மூன்றாம் நாள் எங்கே போகிறார்? ஜான் சாப்மேன் என்ற ஆய்வாளர், பால்கன் உருவங்கள் பல வேண்டுமென்றே உடைக்கப்பட்டு, துண்டுகள் ஆளுக்கொன்றாகப் பகிரப்பட்டிருக்கும் என்று வாதிடுகிறார். எல்லா உடைசலுக்கும் அது பொருந்தாது. பானை உடைவதற்குக் காரணம் வேண்டியதில்லை. ஆனால் புனிதம் ஒரு பொருளில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் சடங்குகளிலேயே பலிக்காத எதிர்பார்ப்பு.

ஐயத்துக்கு இடமில்லாத இடம் என்று கேட்டால் நான் ஐரோப்பாவை விட்டு இஸ்ரேலுக்குப் போவேன். நெகேவ் பாலைவனத்தின் ஓரத்தில் கிலாத் என்ற செம்புக் கற்கால (கல்லோடு செம்பும் புழங்க ஆரம்பித்த கால) ஊரில் இரண்டு உருவப் பாத்திரங்கள் கிடைத்தன. ஒன்று, தலையில் பால் கடையும் கலத்தைச் சுமந்து உட்கார்ந்திருக்கும் பெண். மற்றொன்று, முதுகில் மூன்று கூம்புக் கிண்ணங்களைச் சுமக்கும் செம்மறிக் கடா. இரண்டும் உள்ளே வெற்றுப் பாத்திரம், மேலே சிவப்புக் கோலம். வெளியூர்களிலிருந்து வந்த பொருள்கள் குவிந்திருந்த வழிபாட்டு இடம் அது. பெண், பால், ஆடு, பாத்திரம் எல்லாம் ஒரே தொடரில் நிற்கின்றன. பாலை நம்பி வாழ்ந்தவர்களின் படிமம். வடக்கே கலிலேயாவில் பெக்கீன் குகை 1995-ல் சாலை போடும்போது தற்செயலாகத் திறந்தது. உள்ளே சுடுமண் எலும்புப் பேழைகள். சில பெட்டி மாதிரி, சில சாடி மாதிரி. பலவற்றில் முகம்: துருத்திய பெரிய மூக்கு, கண். உடல் மட்கிய பின் எலும்பைப் பொறுக்கி இதற்குள் வைத்திருக்கிறார்கள். சதை போய்விட்டது, மண் சதையானது. முதுமக்கள் தாழியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் ஒன்று சொல்லுங்கள் என்றால் இனாம்காவ்ன். புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரை. டெக்கான் கல்லூரியினர் 1968 முதல் 1983 வரை தோண்டினார்கள். கி.மு. 1600-க்கும் 700-க்கும் இடையில் பார்லி விதைத்தவர்களின் கிராமம். இறந்த குழந்தைகளை இரண்டு பானைகளை வாயோடு வாய் வைத்து அதற்குள் கிடத்தி, வீட்டுத் தரைக்குள் புதைத்தார்கள். ஒரு வீட்டில் சுடாத களிமண்ணில் செய்த தலையில்லாத பெண் உருவத்தை மூடி போட்ட மண்பெட்டிக்குள் வைத்துத் தரைக்கடியில் புதைத்திருந்தார்கள். கூடவே ஒரு காளை, அதன் முதுகில் அவள் பொருந்தி உட்கார்வாள்.

பெரியவர்களைப் பொதுவாக நீட்டிப் படுக்க வைத்துத்தான் புதைத்தார்கள். ஒருவருக்கு மட்டும் வேறு ஏற்பாடு. சுடாத மண்ணில் ஒரு பெரிய பானை, நான்கு கால், முன்பக்கம் புடைத்த வயிறு. பார்த்தால் கழுத்தில்லாத ஓர் உடம்பு. அதற்குள் ஏறக்குறைய நாற்பது வயது ஆண், கருவில் இருக்கும் பிள்ளை மாதிரி முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தோண்டியவர்கள் அந்தப் பானையைக் கருப்பை என்று படித்தார்கள். இங்கே எனக்கு மறுப்பு இல்லை, ஏனென்றால் பானையின் வடிவம், உள்ளே உட்கார வைத்த விதம், வைத்த இடம் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. கோலம் எதுவும் தேவைப்படவில்லை.

அதற்குக் கீழே இன்னும் ஒரு நான்கு கால் பானை இருந்தது. மூடியோடு, முறையாக வைத்துப் புதைத்தது. திறந்தபோது உள்ளே எலும்புக்கூடு இல்லை. எங்கோ இறந்து, உடல் கிடைக்காத ஒருவருக்காக வைத்தது என்று தோண்டியவர்கள் கருதினார்கள். புதைக்க ஆள் இல்லை, பானையைப் புதைத்துவிட்டார்கள்.